லினக்ஸ் நிறுவும்போது பூட் பார்ட்டிஷனுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் நிறுவும்போது வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும், ரூட்டுக்கு (லினக்ஸ் அமைப்பு இருக்கும் பகுதி) எவ்வளவு, ஹோமுக்கு (உங்கள் கோப்புகள் இருக்கும் பகுதி) எவ்வளவு என்றுதான் பெரும்பாலோர் மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். கணினி திறக்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷனுக்கு ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் பின்னாளில் மாற்றுவதற்கு ஆகக் கடினமானது அந்தச் சின்னப் பார்ட்டிஷன்தான். ஹோம் நிறைந்துவிட்டால் படங்களையும் பாடல்களையும் வேறு வட்டுக்கு மாற்றிவிடலாம். பூட் நிறைந்தால் லினக்ஸின் மையமான கர்னலின் அப்டேட் பாதியில் நின்றுபோகும். சரி, பெரிதாக்கலாம் என்று போனால், ஒட்டினாற்போல் அடுத்து ரூட் பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்தாமல் ஓர் எம்பி கூடக் கிடைக்காது.

அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 500 ஜிபி வட்டில் ஒரு ஜிபி கூடுதலாகக் கொடுத்தால் போவது 0.2 சதவீதம். ஒரு ஜிபி குறைத்துக் கொடுத்தால், என்றோ ஒருநாள் கணினி திறக்காமல் நிற்கும்போது அதன் விலை தெரியும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கணினி, யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது), வட்டு முழுவதும் என்க்ரிப்ட் செய்யப்போகிறீர்கள் என்றால் இஎஸ்பிக்கு 1 ஜிபி, /பூட்டுக்கு 2 ஜிபி. என்க்ரிப்ஷன் இல்லை, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் சாதாரண ரூட் என்றால் தனி /பூட்டே வேண்டாம், இஎஸ்பி மட்டும் 512 எம்பி முதல் 1 ஜிபி வரை போதும். கர்னலை ஏற்றும் நிரலாக சிஸ்டம்டி-பூட்டைப் பயன்படுத்தும் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்றால் இஎஸ்பிக்கே 2 ஜிபி கொடுத்துவிடுங்கள். இந்தப் பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, உங்கள் கணினிக்கு எப்போது இவற்றை மாற்ற வேண்டும் என்பதை இனிப் பார்ப்போம்.

எது இஎஸ்பி, எது /பூட்

இந்த விஷயத்தில் தவறான ஆலோசனைகள் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம், மூன்று வேறுபட்ட பார்ட்டிஷன்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான்.

முதலாவது இஎஸ்பி, அதாவது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். கணினியின் ஃபர்ம்வேர் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்மென்பொருள்) நேரடியாகப் படிக்கும் இடம் இது. ஃபர்ம்வேருக்கு எக்ஸ்ட்4 தெரியாது, ஃபேட்தான் தெரியும். அதனால் இது ஃபேட்32-ஆக இருக்க வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் இதை /பூட்/இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் செய்கின்றன.

இரண்டாவது /பூட். கர்னல், அது விழித்தெழும்போது முதலில் நினைவகத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு, கர்னலை ஏற்றும் நிரலான க்ரப்பின் அமைப்புகள் ஆகியவை இருக்கும் அடைவு. இது தனிப் பார்ட்டிஷனாகவும் இருக்கலாம், ரூட்டுக்குள் ஒரு சாதாரண அடைவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பயாஸ் பூட் பார்ட்டிஷன். பழைய பயாஸ் முறையில் கணினி ஓடுகிறது, வட்டு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றால் மட்டுமே இது வேண்டும். க்ரப்பின் மையப் பகுதி உட்கார 1 எம்பி போதும். இதில் கோப்பு முறைமை எதுவும் போடக்கூடாது, எங்கும் மவுண்ட் செய்யவும் கூடாது. ஜிபார்ட்டெட் என்ற வட்டுப் பிரிப்புக் கருவியில் பயாஸ்-க்ரப் என்ற கொடியை வைத்துவிட்டால் அதன் கதை முடிந்தது.

"பூட்டுக்கு 100 எம்பி போதும்" என்று ஒருவரும், "2 ஜிபி வேண்டும்" என்று இன்னொருவரும் சொல்லும்போது இருவருமே சரியாக இருக்கலாம். ஒருவர் இஎஸ்பியைச் சொல்கிறார், மற்றவர் /பூட்டைச் சொல்கிறார்.

100 எம்பி என்ற எண் நீண்டகாலம் நின்றுவிட்டதற்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய பயாஸால் வட்டின் முதல் 1024 சிலிண்டர்களைத் தாண்டிப் படிக்க முடியாது. அந்த எல்லை சில கணினிகளில் 504 எம்பியிலேயே வந்துவிடும், பின்னர் வந்தவற்றில் ஏறக்குறைய 8.4 ஜிபியில். கர்னல் அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும் என்பதால் வட்டின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பார்ட்டிஷனை வெட்டி வைத்தார்கள். அன்றைய கர்னலுக்கு அது தாராளம். அந்த எல்லை போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், அந்தச் சின்ன அளவு மட்டும் அறிவுரைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் படி: யூஇஎஃப்ஐயா, பயாஸா என்று உறுதி செய்யுங்கள்

லைவ் யூஎஸ்பியில் கணினியைத் திறந்து, கோப்பு மேலாளரிலோ டெர்மினலிலோ /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில் திறந்திருக்கிறீர்கள். இல்லையென்றால் பயாஸ் முறை.

இங்கே ஒரு கண்ணி உண்டு. யூஇஎஃப்ஐ உள்ள கணினியிலேயே பூட் மெனுவில் ஒரே யூஎஸ்பி இருமுறை காட்டப்படும், ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டுடன், மற்றது அது இல்லாமல். முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் பயாஸ் முறையில் நிறுவப்பட்டுவிடும். ஏற்கெனவே யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தனி /பூட் உங்களுக்குத் தேவையா

க்ரப் உங்கள் ரூட் கோப்பு முறைமையைத் தானே படித்துவிடும் என்றால் தனி /பூட் தேவையில்லை. படிக்க முடியாதபோதுதான் தேவை. கேள்வி அவ்வளவுதான். ஆனால் "படிக்க முடியுமா" என்பதில் நுணுக்கங்கள் இருக்கின்றன.

என்க்ரிப்ஷன்தான் முதல் காரணம். லினக்ஸின் வட்டு என்க்ரிப்ஷன் முறையான லக்ஸ்2, கடவுச்சொல்லிலிருந்து சாவி உருவாக்க இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 முறையை க்ரப்பின் 2.06, 2.12 பதிப்புகள் அறியா. கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினாலும் அவற்றால் திறக்க முடியாது. அதனால்தான் என்க்ரிப்ஷனைத் தேர்ந்தெடுத்தவுடன் உபுண்டு, டெபியன், ஃபெடோரா நிறுவிகள் என்க்ரிப்ட் செய்யப்படாத /பூட் ஒன்றைத் தாமாகவே உருவாக்குகின்றன.

இரண்டாவது காரணம், கோப்பு முறைமையின் புதிய வசதிகள். எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ், 2023-இல் வந்த 1.47 பதிப்பில், எக்ஸ்ட்4-இல் சில புதிய வசதிகளை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. திருத்தப்படாத க்ரப் 2.06 அப்படிப்பட்ட பார்ட்டிஷனைப் பார்த்துவிட்டு, தெரியாத கோப்பு முறைமை என்று கைவிரித்துவிடும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலும் இதே கதை. க்ரப்புக்குத் தெரிந்த வசதிகள் மட்டும் கொண்ட தனிப் பூல் (இசட்எஃப்எஸ்ஸின் சேமிப்பிடத் தொகுப்பு) ஒன்றை /பூட்டுக்கென்று வைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது. ஒரே டிஸ்ட்ரோவின் நிறுவியே பார்ட்டிஷனையும் உருவாக்கி க்ரப்பையும் போட்டால் இந்தப் பிரச்சினை வராது. புதிய லைவ் யூஎஸ்பியில் பார்ட்டிஷன் போட்டு, பழைய டிஸ்ட்ரோவை அதில் நிறுவுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

தனி /பூட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் ஓர் இடமும் உண்டு. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ரூட் வைத்து, அந்நேர நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட் எடுத்து, ஏதாவது கெட்டால் பின்னுக்குப் போவதை நம்பியிருப்பவர்கள் கர்னலையும் அதே ஸ்னாப்ஷாட்டுக்குள் வைக்க வேண்டும். /பூட் தனியாக இருந்தால் ரூட் பழைய நிலைக்குத் திரும்பும், கர்னல் புதிய நிலையிலேயே நிற்கும். பழைய ரூட்டில் புதிய கர்னலுக்கான மாட்யூல்கள் (டிரைவர்கள் போன்ற துணைப் பகுதிகள்) இருக்காது. ஓப்பன்சூசே /பூட்டை ரூட்டுக்குள்ளேயே வைப்பதன் காரணம் இதுதான். அந்த அமைப்பைக் கலைக்காதீர்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

ஓர் உபுண்டு கணினியில் /பூட் அடைவைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கர்னலுக்கும் நான்கு கோப்புகள் இருக்கும். விஎம்லினுஸ் என்று தொடங்குவது கர்னல், ஏறக்குறைய 15 எம்பி. சிஸ்டம்.மேப் ஏறக்குறைய 9 எம்பி. கான்ஃபிக் சில நூறு கேபி, பொருட்படுத்த வேண்டியதில்லை. நான்காவது இனிட்ஆர்டி, மேலே சொன்ன இனிட்ராம்எஃப்எஸ் கோப்புதான் இது. இடத்தை விழுங்குவது இதுதான். கணினியைப் பொறுத்து 60 எம்பியாகவும் இருக்கலாம், 150 எம்பியாகவும் இருக்கலாம், அதையும் தாண்டலாம்.

இனிட்ஆர்டி ஏன் இவ்வளவு பெரிதாகிறது? ரூட் வட்டை அடையும்வரை கர்னலுக்குத் தேவையான டிரைவர்கள், கருவிகள், ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அதில் வைக்கிறார்கள். கிராபிக்ஸ் டிரைவர் உள்ளே போனால் அதற்கான ஃபர்ம்வேரும் கூடவே போகும். என்விடியாவின் புதிய கார்டுகளுக்கான ஜிஎஸ்பி ஃபர்ம்வேர் மட்டுமே பல பத்து எம்பி. டெபியனும் உபுண்டுவும் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துவிடுகின்றன. ஃபெடோரா அந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வதால் அதன் கோப்பு சிறிது. ஆனால் அங்கே எல்லா டிரைவர்களும் அடங்கிய ரெஸ்க்யூ இமேஜ் ஒன்று கூடுதலாக இருக்கும், அது 100 எம்பியைத் தாண்டும்.

இனி முக்கியமான இடம். கர்னல் அப்டேட் வரும்போது என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். உங்களிடம் இரண்டு அல்லது மூன்று கர்னல்கள் இருக்கின்றன. புதியது வருகிறது. பழையது அழிக்கப்பட்டு அந்த இடத்தில் புதியது வைக்கப்படுவதில்லை, அப்படிச் செய்தால் நடுவில் மின்சாரம் போனால் கணினி அம்போ. புதியது முதலில் வந்து சேரும், பழையது பிறகுதான் போகும். உபுண்டுவில் அந்தப் பழையது, தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓடும்வரை இருந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. இருக்கும் இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும்போது, பழைய கோப்பின் மேலேயே எழுத மாட்டார்கள். பெயரின் கடைசியில் "நியூ" என்ற ஒட்டுடன் பக்கத்திலேயே புதுக் கோப்பு எழுதப்படும், முழுதாக எழுதி முடிந்த பிறகே பெயர் மாற்றப்படும். அந்த நேரத்தில் ஒரே கர்னலுக்கு இரண்டு இனிட்ஆர்டி.

ஆகவே கணக்கு இப்படி வரும். ஒரு கர்னலுக்கு 15-உம் 9-உம் 130-உம் சேர்த்து ஏறக்குறைய 155 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மூன்று கர்னல்கள் 465. புதிதாக வருவது ஒன்று, 155 சேர்த்தால் 620. தற்காலிக இனிட்ஆர்டி 130, மொத்தம் 750. க்ரப்பின் அடைவு, எக்ஸ்ட்4-இன் ஜர்னல் என்று இன்னும் சில பத்து எம்பி. 800-ஐத் தொட்டுவிட்டோம். சும்மா இருக்கும்போது 465 எம்பி மட்டும் காட்டும் பார்ட்டிஷனுக்கு, அப்டேட்டின் உச்சத்தில் 800 எம்பி வேண்டும். 512 எம்பி வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1 ஜிபி இன்றைக்குத் தாங்கும். இனிட்ஆர்டி ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போவதால், ஐந்தாறு ஆண்டுகள் ஓடப்போகும் கணினிக்கு 2 ஜிபி.

இது என் தனிப்பட்ட அச்சம் மட்டும் இல்லை. டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பே, அப்கிரேடைத் தொடங்கும் முன் /பூட் குறைந்தது 768 எம்பி இருக்கிறதா, அதில் 300 எம்பி காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. டெபியன் 10 அல்லது அதற்கு முன் நிறுவியவர்கள் பெரும்பாலும் இதில் சிக்குவார்கள் என்றும் எச்சரிக்கிறது. பல ஆண்டுகள் 1 ஜிபியாக இருந்த ஃபெடோராவின் இயல்பான /பூட் அளவு 2 ஜிபிக்கு உயர்த்தப்பட்டதற்கும் பெருத்துவரும் ஃபர்ம்வேர்தான் காரணம். உபுண்டு சர்வர் நிறுவியும் 20.04-இல் எல்விஎம்மோடு (வட்டு இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை) 1 ஜிபி /பூட் கொடுத்தது, 22.04-இல் அதை 2 ஜிபி ஆக்கியது.

2 ஜிபியும் போதாத சூழல்கள் சில உண்டு. கர்னலைத் தாங்களே கம்பைல் செய்பவர்கள் மாட்யூல்களில் உள்ள டீபக் தகவலை நீக்காமல் நிறுவினால், ஒரே இனிட்ஆர்டி பல நூறு எம்பியைத் தொடும். நிறுவும்போது ஸ்ட்ரிப் செய்யும் விருப்பத்தை இயக்கினால் அது பல மடங்கு சுருங்கும், பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள். வழக்கமான கர்னலோடு எல்டிஎஸ், ரியல்டைம், ஜென் என்று இரண்டு மூன்று வகைகளை வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் அத்தனை மடங்கு. ரெட் ஹேட் குடும்பத்தில் கேடம்ப் (கர்னல் செயலிழந்தால் நினைவகத்தைப் பதிந்துவைக்கும் வசதி) இயக்கினால், ஒவ்வொரு கர்னலுக்கும் கேடம்ப் இனிட்ராம்எஃப்எஸ் என்று இன்னொரு கோப்பு /பூட்டில் உட்காரும். இவர்களுக்கெல்லாம் 3 அல்லது 4 ஜிபி.

/பூட்டை இசட்எஃப்எஸ் பூலாகவோ பிடிஆர்எஃப்எஸ்ஸாகவோ வைத்து அதில் ஸ்னாப்ஷாட் எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கர்னலை நீக்கினாலும் இடம் திரும்பக் கிடைக்காது, ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துவைத்திருக்கும். அடைவில் இரண்டே கர்னல்கள் தெரியும், ஆனால் பார்ட்டிஷன் நிறைந்திருக்கும். அங்கே ஸ்னாப்ஷாட்களைக் குறைப்பதுதான் வழி.

எதிர்ப்பக்கம், 32 ஜிபி வட்டு மட்டுமே உள்ள சின்னக் கணினியில் 2 ஜிபி கொடுக்க மனம் வராது. அங்கே 1 ஜிபி வைத்து, கர்னல்களை இரண்டாகக் கட்டுப்படுத்துங்கள். ஃபெடோராவின் பொதி மேலாளரான டிஎன்எஃப்பின் அமைப்பில் இன்ஸ்டால்ஒன்லி லிமிட் என்ற வரி இயல்பாக 3 என்று இருக்கும், அதை 2 ஆக்கலாம். ஒன்றாக மட்டும் ஆக்காதீர்கள். புதிய கர்னல் சரியாக ஓடாதபோது திரும்பிப் போக ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

நான்காம் படி: இஎஸ்பியின் அளவு

க்ரப் பயன்படுத்தினால் இஎஸ்பிக்குள் போவது ஷிம் (செக்யூர் பூட்டுக்கான சிறு நிரல்), க்ரப், ஓர் அமைப்புக் கோப்பு, அவ்வளவே. எல்லாம் சேர்ந்து 10 எம்பி கூட வராது. விண்டோஸ் 10, 11 உருவாக்கும் 100 எம்பி இஎஸ்பியைப் பகிர்ந்துகொண்டு உபுண்டுவையோ ஃபெடோராவையோ நிறுவலாம், இடப் பிரச்சினை வராது. ஆளுக்கொரு துணை அடைவு இருப்பதால் மோதிக்கொள்ளவும் மாட்டார்கள். ஒரே டிஸ்ட்ரோவை இருமுறை நிறுவினால் மட்டும் இரண்டுக்கும் அடைவின் பெயர் ஒன்றாகிவிடும், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்து எழுதிவிடும்.

அப்படியிருக்க ஏன் 512 எம்பியோ 1 ஜிபியோ வைக்கச் சொல்கிறேன்? எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி வழியாக ஃபர்ம்வேர் அப்டேட் வரும்போது அந்தக் கோப்பு முதலில் இஎஸ்பியில்தான் வைக்கப்படுகிறது, அதற்குச் சில பத்து எம்பி காலியாக இருக்க வேண்டும். 4கே செக்டர் கொண்ட வட்டுகளில் ஃபேட்32-ஐ 256 எம்பிக்குக் கீழே சரியாக உருவாக்கவே முடியாது. ஃபேட்32-க்குக் குறைந்தது 65,525 கிளஸ்டர் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 4 கேபி. மைக்ரோசாஃப்ட் அத்தகைய வட்டுகளுக்கு 260 எம்பி என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். இதையெல்லாம் விட, நாளைக்கே க்ரப்பை விட்டு வேறொன்றுக்கு மாற நினைத்தால் கதவு திறந்திருக்கும்.

அந்த வேறொன்று பெரும்பாலும் சிஸ்டம்டி-பூட்டாக இருக்கும். அதற்கு எக்ஸ்ட்4-ஐப் படிக்கத் தெரியாது. கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஃபர்ம்வேர் படிக்கக்கூடிய ஃபேட் பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். அப்போது மூன்றாம் படியில் போட்ட கணக்கு முழுவதும் இஎஸ்பியின் தலையில் ஏறும். கர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கட்டளை வரி எல்லாவற்றையும் ஒரே இஎஃப்ஐ கோப்பாகக் கட்டும் யூகேஐ முறையிலும் இதே நிலை. ஆர்ச் நிறுவல் வழிகாட்டி இஎஸ்பிக்கு 1 ஜிபி சொல்வது இதனால்தான். ஒரு கர்னல், ஒரு டிஸ்ட்ரோ என்றால் அது தாராளம். இரண்டு டிஸ்ட்ரோக்கள் ஒரே இஎஸ்பியில் கர்னல் வைக்கப்போகின்றன என்றால் 2 ஜிபி.

விண்டோஸின் 100 எம்பி இஎஸ்பி ஏற்கெனவே இருக்கிறது, நீங்களோ சிஸ்டம்டி-பூட் வேண்டும் என்கிறீர்கள். அந்த 100 எம்பியை நீட்ட முயலாதீர்கள். அதே வட்டில் எங்கேனும் 1 அல்லது 2 ஜிபிக்கு ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, அதன் வகையை எக்ஸ்பூட்எல்டிஆர் என்று குறித்து, /பூட் என்று மவுண்ட் செய்யுங்கள். சிஸ்டம்டி-பூட் மட்டும் சின்ன இஎஸ்பியில் இருக்கும், கர்னல்கள் பெரிய இடத்தில் இருக்கும். வட்டைக் காலியாக்கி விண்டோஸையும் புதிதாகவே போடப்போகிறீர்கள் என்றால் இன்னும் எளிது. விண்டோஸ் நிறுவும் முன்பே 1 ஜிபி இஎஸ்பியை நீங்களே உருவாக்கிவிட்டால், விண்டோஸ் அதையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் என்க்ரிப்ஷனான பிட்லாக்கர் இயங்கும் கணினியில் பார்ட்டிஷன்களில் கை வைக்கும் முன், மீட்புச் சாவியை வேறொரு சாதனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

ஐந்தாம் படி: நிறுவியில் பிரிப்பது

கைமுறையாகப் பிரிக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் கைமுறை நிறுவல், டெபியனில் மேனுவல், ஃபெடோராவில் கஸ்டம் என்று பெயர்கள் மாறும். வட்டின் தொடக்கத்தில் இஎஸ்பி, அடுத்து /பூட், அதன்பின் என்க்ரிப்ட் செய்யப்படும் பெரிய பகுதி. ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வைப்பதாக இருந்தால், அதை /பூட்டுக்கு அடுத்து வைக்கலாம் என்பது என் யோசனை. பின்னால் /பூட்டை நீட்ட வேண்டி வந்தால், ஸ்வாப்பை அழித்துவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஸ்வாப்பில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

/பூட்டுக்கு எக்ஸ்ட்4 போதும். வேறெதையும் தேடிப்போக வேண்டாம். இஎஸ்பிக்கு நிறுவியே ஃபேட்32-ஐத் தேர்ந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் இஎஸ்பி என்றால், ஃபார்மட் என்ற கட்டத்தில் டிக் இல்லை என்பதை இருமுறை பாருங்கள். அந்த ஒரு டிக், விண்டோஸின் பூட் கோப்புகளை முழுதாக அழித்துவிடும்.

இரண்டு டிஸ்ட்ரோக்கள் வைப்பவர்கள் இஎஸ்பியைப் பகிரலாம், /பூட்டைப் பகிரக்கூடாது. க்ரப்பின் அமைப்புக் கோப்பை ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொள்வார்கள். ஒன்றின் கர்னலை நீக்கும் வேலை மற்றதன் கோப்புகளையும் குழப்பும். ஆளுக்கொரு /பூட் கொடுத்துவிடுங்கள்.

நிறுவி முடித்ததும்

டெர்மினலில் டிஎஃப் -எச் கட்டளையைக் கொடுத்து /பூட், /பூட்/இஎஃப்ஐ இரண்டின் வரிகளையும் பாருங்கள். நிறுவிய அன்றைக்கு /பூட்டில் கால்வாசிக்குள் நிறைந்திருந்தால் நிம்மதி. பாதியைத் தொட்டுவிட்டதென்றால், கணினியில் உங்கள் கோப்புகளை ஏற்றுவதற்கு முன் இப்போதே அளவை மாற்றி மறுபடி நிறுவுவது நல்லது. இன்றைக்கு அரை மணி நேர வேலை, ஓராண்டு கழித்து ஒருநாள் வேலை.

எக்ஸ்ட்4-இல் டிஎஃப் காட்டும் காலியிடம், உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். 5 சதவீதம் ரூட் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால் அப்படி. கர்னலை நிறுவுவதும் ரூட் பயனர்தான் என்பதால் அந்த இடம் வீணாகவில்லை, கவலை வேண்டாம்.

ஏற்கெனவே சிறிதாக வைத்துவிட்டவர்களுக்கு

இடமில்லை என்ற பிழை வந்தவுடன் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: கணினியை மறுதொடக்கம் செய்வது. புதிய கர்னல் வந்து சேர்ந்து அதன் இனிட்ஆர்டி முழுதாக எழுதப்படாமல் இருக்கலாம். அந்த நிலையில் க்ரப் புதியதையே தேர்ந்தெடுத்தால், ரூட் வட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கர்னல் பேனிக் ஆகி நிற்கும். தெரியாமல் மறுதொடக்கம் செய்துவிட்டவர்கள் க்ரப் மெனுவில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே வந்துவிடலாம்.

முதலில் யூநேம் -ஆர் கட்டளையால் இப்போது ஓடும் கர்னல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொடவே கூடாது. டெபியன், உபுண்டுவில் ஆப்ட் ஆட்டோரிமூவை பர்ஜ் விருப்பத்துடன் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பாதியில் நின்ற நிறுவல் காரணமாக ஆப்ட்டே அடம்பிடித்தால், ஓடாத, புதியதும் அல்லாத ஒரு பழைய கர்னலின் இனிட்ஆர்டி கோப்பை மட்டும் ஹோமுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். கிடைத்த இடத்தில் டிபேக்கேஜின் கான்ஃபிகர் கட்டளையை எல்லாப் பொதிகளுக்கும் ஓட்டி, நின்றதை முடிக்கவிடுங்கள். பிறகு அந்தப் பழைய கர்னல் பொதியை முறையாக நீக்குங்கள். கர்னல் கோப்புகளைக் கையால் அழித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது தவறு. பொதி மேலாளருக்கு அது தெரியாது, அடுத்த அப்டேட்டில் அந்தக் கர்னலுக்கும் இனிட்ஆர்டி கட்ட முயன்று மறுபடி இடத்தை நிரப்பும்.

கொஞ்ச காலம் தள்ள வேண்டும் என்றால் இனிட்ஆர்டியைச் சுருக்கலாம். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் அமைப்புக் கோப்பில் சுருக்கும் முறையை எக்ஸ்இசட் ஆக்கினால் கோப்பு சிறிதாகும், கணினி திறக்கக் கூடுதலாகச் சில விநாடிகள் ஆகும். மாட்யூல்ஸ் என்ற வரியை மோஸ்ட் என்பதிலிருந்து டெப் என்று மாற்றினால் இன்னும் நிறையக் குறையும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் திறக்காமல் போகலாம். மடிக்கணினிக்கு இது பரவாயில்லை, மீட்பு வேலைக்கென்று வைத்திருக்கும் வட்டுக்கு வேண்டாம்.

நிரந்தரத் தீர்வாகப் பலரும் ரூட்டை நகர்த்தி /பூட்டை நீட்டப் பார்க்கிறார்கள். பல நூறு ஜிபியை வட்டில் தள்ளிவைக்கும் வேலை அது, நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போகும். யூஇஎஃப்ஐ கணினியில் அதற்குத் தேவையே இல்லை. /பூட் வட்டின் தொடக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இன்று கிடையாது. வட்டின் கடைசியில் இருக்கும் பார்ட்டிஷனை லைவ் யூஎஸ்பியிலிருந்து 2 ஜிபி சுருக்கி, கிடைத்த இடத்தில் புதிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்கி, பழைய /பூட்டில் உள்ளவற்றை அனுமதிகள் மாறாமல் அப்படியே நகலெடுங்கள். மவுண்ட் விவரங்கள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் /பூட்டுக்கான யூயூஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) புதியதாக மாற்றுங்கள். உபுண்டு, டெபியனில் க்ரூட் செய்து (லைவ் யூஎஸ்பியிலிருந்தே நிறுவிய லினக்ஸுக்குள் நுழைந்து) க்ரப்பை மறுபடி நிறுவி, அமைப்பைப் புதுப்பித்தால் வேலை முடிந்தது. ஃபெடோராவில் க்ரப்பை மறுபடி நிறுவும் கட்டளையை யூஇஎஃப்ஐயில் ஓட்டாதீர்கள், செக்யூர் பூட் கெட்டுவிடும். அங்கே இஎஸ்பிக்குள் ஃபெடோரா அடைவில் இருக்கும் சின்னக் க்ரப் அமைப்புக் கோப்பைத் திறந்தால் பழைய /பூட்டின் யூயூஐடி தெரியும், அதை மாற்றினால் போதும்.

கடைசிப் பார்ட்டிஷனே லக்ஸ்ஸாகவும் அதற்குள் எல்விஎம்மாகவும் இருந்தால், உள்ளிருந்து வெளியே ஒவ்வோர் அடுக்காகச் சுருக்கி வர வேண்டும்: கோப்பு முறைமை, லாஜிக்கல் வால்யூம், பிசிக்கல் வால்யூம், லக்ஸ், அதன்பின் பார்ட்டிஷன். ஓர் அடுக்கில் எண் பிசகினாலும் தரவு போய்விடும். அதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் ஹோமை முழுதாக பேக்கப் எடுத்து, மேலே சொன்ன அளவுகளோடு மறுபடி நிறுவுவதே பாதுகாப்பு.

புதிய இடத்துக்கு /பூட்டை மாற்றியவர்கள் பழைய பார்ட்டிஷனை உடனே அழிக்க வேண்டாம். அடுத்த கர்னல் அப்டேட் வந்து, புதிய கோப்புகள் புதிய பார்ட்டிஷனில்தான் எழுதப்பட்டிருக்கின்றனவா, மறுதொடக்கத்தில் அந்தக் கர்னலே ஓடுகிறதா என்று யூநேம் -ஆர் மூலம் பார்த்துவிட்டு, அதன்பின் அழியுங்கள்.